நேரக் கட்டம்

சைதாப்பேட்டை கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாக வக்கீல் குமாஸ்தா நான். ரிமாண்டுக்கு ஆளைக் கொண்டுவரும் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று எங்களுக்கே தெரியாது. அந்த ஆளின் அம்மா மட்டும் காலையிலேயே வந்து நின்றுவிடுவார். கையில் கட்டைப்பை, அதில் மாற்றுச் சட்டை, பன் பாக்கெட்.

போன மாதம் அப்படி நின்ற ஒரு அம்மாவிடம், வக்காலத்து எழுதும்போது கேட்டேன். "பையனை எப்பம்மா கூட்டிட்டுப் போனாங்க?"

"செவ்வாக்கிழமை நைட்டு பத்து மணி சார். பாய் விரிச்சுக்கிட்டு இருந்தேன். சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்னாங்க."

அன்று வியாழன், மதியம் பன்னிரண்டு. கைதுக் குறிப்பிலோ கைதான நேரம் புதன் மாலை ஐந்து. கீழே சாட்சியாக அந்த அம்மாவின் கையெழுத்து. போட்டபோது நேரம் எழுதியிருந்ததா என்றேன். "அந்தக் கட்டம் காலியாத்தான் இருந்துச்சு" என்றார்.

அம்மாவின் கணக்கில் 38 மணி நேரம். காகிதத்தில் 19.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 58-வது பிரிவு. (பழைய சட்டத்தின் எண்ணை மறந்து புது எண் வாயில் வர எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.) கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று 1996-லேயே டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரமாவது முன்பு எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. எல்லாம் நல்ல தீர்ப்புதான். 'கைது' என்று எழுதிய பிறகுதானே இதெல்லாம் ஓடத் தொடங்கும்?

எழுதும்வரை அதற்குப் பெயர் விசாரணை. சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடலாம், இல்லையென்றால் கைது செய்யலாம். ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பது எந்தப் பிரிவிலும் இல்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை திருட்டுப் புகாரில் விசாரணைக்கென்றுதான் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் பிணமானார். எந்த மாஜிஸ்திரேட்டும் அவரை உயிரோடு பார்க்கவில்லை. ஸ்டேஷன்காரர்களுக்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு, "ரெக்கவரி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்காக மணியை மாற்றி எழுத முடியாது.

மாஜிஸ்திரேட் பார்த்தால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். 2020-ல் ஸ்டேஷனில் அடிபட்ட சாத்தான்குளம் அப்பா-மகன் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ரிமாண்ட் செய்துதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மருத்துவச் சான்றிதழும் இருந்தது. சில நாளில் இருவரும் செத்துப்போனார்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்காத ரிமாண்ட் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் தொடங்கி லாக்கப்வரை கேமரா வைக்க வேண்டும், பதிவை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ரிமாண்ட் கேட்டு வரும் ஒவ்வொரு காகிதத்தோடும், அந்த ஆள் வாசலுக்குள் நுழைந்த காட்சியையும் மாஜிஸ்திரேட் கேட்டு வாங்கட்டும். கேமராவில் தெரியும் மணியும் கைதுக் குறிப்பில் உள்ள மணியும் ஒன்றா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். "உன்னை எப்போ கூட்டிட்டு வந்தாங்க?" என்று பையனிடமே கேட்க அதுகூட வேண்டாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிப்போனால், அந்த நிமிஷமே சொந்தக்காரர் ஒருவருக்கு மெசேஜ் போட்டுவிடுங்கள், நேரம் அதில் தானாகவே பதிவாகிவிடும். நேரக் கட்டம் காலியாக இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.