சங்ககிரிக் கோட்டையும் சக்கர நாற்காலியும்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் கொங்கு நாட்டார் தீரன் சின்னமலையை நினைக்கிறார்கள். கும்பினிப் படையோடு காவேரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் பொருத அவ்வீரர், தம் சகோதரர்களுடன் 1805-ஆம் வருஷம் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அம்மலைக்குச் சென்று அவ்விடத்தைக் கண்ணாரக் காணவேண்டுமென்ற ஆவல் நம்மவரில் யாருக்கு எழுந்தாலும் அது போற்றத்தக்கதே. ஆனால் அந்த ஆவல் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு எழுந்தால் அவர் கதி என்ன? நினைவு நாள் மேடைகளில் இக்கேள்வி எழுவது அபூர்வம். ஆகையால் நாம் எழுப்புகிறோம்.

அவர் கோயம்புத்தூர் காந்திபுரத்திலிருந்து புறப்படுவதாகவே வைத்துக் கொள்வோம். சேலம் செல்லும் வெளியூர்ப் பஸ்ஸின் உயர்ந்த படிகளில் அவரைப் பிறர் தூக்கித்தான் ஏற்றவேண்டும். நாற்காலியை மடித்து எங்கே வைப்பதென்பது கண்டக்டருடைய தயவைப் பொறுத்தது. இவ்வளவையும் சகித்துச் சங்ககிரி சேர்ந்தால் அங்கே எதிர்ப்படுவது படிக்கட்டு. ஏறிவரும் பகைவன் மூச்சுத் திணறி நிற்கவேண்டுமென்ற நோக்கத்துடனேயே, வாயிலுக்குமேல் வாயிலாக அமைத்த வழி அது. கட்டியவர்களை நாம் குறை கூறமாட்டோம். கோட்டைக்கு அதுதான் இலட்சணம். எனினும், இன்று அங்கே காவற்படையும் இல்லை, தடுக்கவேண்டிய பகைவனும் இல்லை. தடுக்கப்படுகிறவர் இந்நாட்டுக் குடிமகனே.

“நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனால் என்ன?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அவர்கள் ஒரு நாழிகை தூக்கப்படுகிறவர் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கட்டும். தெய்வத்தைத் தோளில் எழுந்தருளச் செய்வது பக்தி. வயது வந்த மனிதரை மூட்டைபோல் சுமப்பது வேறு. தேய்ந்த கற்படியில் ஒருவர் கால் வழுக்கினால் ஐவரும் உருள்வார்கள். அஃதன்றி, தூக்குவோர் வரும் நாளில்தான் அவர் வரலாம். அவர்கள் களைத்தபோது திரும்பவேண்டும். ஓர் அரணருகே கால் நாழிகை மௌனமாக இருக்க விரும்பினாலும், காத்து நிற்பவர்களை எண்ணி அவர் மனம் கூசும். சுதந்திரத்துக்காக உயிர் நீத்தவர் நினைவிடத்துக்கு இப்படிப் பராதீனராகப் போகவேண்டுமென்பது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

அப்படியானால் சாய்தளம் கட்டிவிடலாமே என்பது அடுத்த யோசனை. கணக்குப் பார்ப்போம். சக்கர நாற்காலி ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமென்பது பொதுவான விதி. ஏறக்குறைய 200 அடி உயரமுள்ள நாமக்கல் கோட்டைப் பாறைக்கே 2,400 அடிச் சாய்தளம் வேண்டும். இளைப்பாறும் சமதளங்கள் வேறு. சங்ககிரி அதனினும் பெரிய மலை. எனவே உச்சிக்குச் செல்ல யந்திரமே தகுந்த வழி.

யந்திரம் நமக்குப் புதிதன்று. பழனியில் 1966 முதல் விஞ்ச் வண்டியும், 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. 1,305 படிகளுள்ள சோளிங்கபுரம் மலைக்கும், 1,017 படிகளுள்ள அய்யர்மலைக்கும் 2024-இல் ரோப் கார் வந்தது. பக்திக்குச் செய்ததை தேசபக்திக்குச் செய்யலாகாதா? மராட்டியர் செய்துவிட்டார்கள். சிவாஜி மகாராஜா 1674-இல் முடிசூடிய ராய்கட் கோட்டைக்கு 1996 முதல் ரோப் வே இயங்குகிறது. ஆனால் தொட்டியில் ஏறிவிட்டால் மட்டும் போதாது. இறங்குமிடத்துக்கும் பார்க்குமிடத்துக்கும் நடுவே பத்துப் படிகள் நின்றாலும், அத்தனை செலவும் இவரளவில் வீண்.

புராதனச் சின்னம் பாழாகுமே என்ற ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. கோட்டையின் ஒரு கல்லையும் பெயர்க்கலாகாதென்பதே நம் அபிப்பிராயமும். கிரேக்கர் தங்கள் ஆதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றில் 2020 டிசம்பரில் நடக்கவியலாதவர்களுக்கென்று சாய்வு லிப்டு ஒன்றைத் திறந்தார்கள். அதே வருஷம் அங்கே போட்ட கான்கிரீட்டுப் பாதைகளைப் புதைபொருள் ஆராய்ச்சியாளர் பலர் கடுமையாகக் கண்டித்தனர். அந்த வாதமும் நடக்கட்டும், நல்லதே. வாதத்தைக் காட்டி வேலையைக் கிடப்பில் போடுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சட்டமோ தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களையும் விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் இவர்கள் வந்துபோகத் தக்கவையாக்க வேண்டுமென்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூன். தவணை 2022 ஜூனிலேயே கடந்துவிட்டது. இத்தகைய தரங்கள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டுமென்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. இவர்கள் கேட்பது தர்மமல்ல, நிலுவையிலுள்ள பாக்கி.

சங்ககிரிக் கோட்டை மத்திய சர்க்காரின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையாரும் சேலம் ஜில்லா அதிகாரிகளும் பெரிய திட்டத்துக்குக் காத்திராமல் முதலில் அடிவாரத்தைச் செப்பனிடட்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து படிக்கட்டின் அடிவரை கல் தடுக்காத சமபாதையும், நாற்காலி திரும்பத்தக்க விசாலமான கழிப்பிடமும், மேலேயுள்ள அரண்களையும் வாயில்களையும் கையால் தடவியும் அறியத்தக்க மாதிரி உருவமும் அமைப்பதற்கு யந்திரம் வேண்டியதில்லை, பெருந்தொகையும் வேண்டியதில்லை. அதன்பின் உச்சிக்கு வழி காண நிபுணர்களை அனுப்பி, மலையை அளந்து, செலவுத் திட்டத்தைப் பகிரங்கப்படுத்தவேண்டும். அளக்கப் போகும்போது சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள் இருவரையாவது ஆலோசகர்களாக உடன் அழைத்துச் செல்லட்டும். எந்த இடத்தில் சக்கரம் சிக்கும் என்பதை இஞ்சினீயரைவிட அவர்களே முன்னதாகச் சொல்வார்கள்.