கத்தி வைக்கும் முன்பே தொடங்க வேண்டிய சிகிச்சை

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் நம் மருத்துவமனைகளில் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு பரிசோதனைப் பட்டியல். கூடவே, 'முதல் நாள் இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது' என்ற எச்சரிக்கை. இடைப்பட்ட வாரங்களில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பயத்தில் படுத்தே கிடக்கிறார், சாப்பாடு குறைகிறது, தசை கரைகிறது. பதற்றத்தில் பீடி மட்டும் கூடுகிறது. இப்படித் தளர்ந்த உடம்போடுதான் அறுவை அரங்குக்குள் போகிறார்.

இந்த அலட்சியத்தின் விலை பெரிது. ரத்தசோகையோடு அறுவைக்குப் போவது ஆபத்து; ஆனால் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தையல் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். இரும்புச்சத்து மாத்திரை ரத்தத்தை ஏற்ற வாரக்கணக்காகும். இவற்றை அறுவைக்கு முந்தைய நாள் கண்டுபிடித்துப் பயனில்லை.

அறுவைக்கு முன் நோயாளியை ஆயத்தப்படுத்துவது பலன் தரும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மேல்வயிற்று அறுவைக்கு முன் அரை மணி நேரம் இயன்முறை மருத்துவர் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்ததால் நுரையீரல் சிக்கல்கள் பாதியாகக் குறைந்ததை ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. மனத்துக்கும் மருந்து உண்டு: வலி எப்படி இருக்கும், எப்படிச் சமாளிப்பது என்று மயக்க மருத்துவர் முன்கூட்டியே பேசியிருந்த நோயாளிகளுக்கு வலிமருந்து பாதியளவே தேவைப்பட்டதை அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் 1964லேயே பதிவுசெய்தார்கள். நம்மூரிலோ, அறுவை அன்று காலையில்தான் பல நோயாளிகள் மயக்க மருத்துவரின் முகத்தையே பார்க்கிறார்கள்.

அவசர அறுவைக்கு இந்த ஆயத்தம் பொருந்தாது. அதைக் காரணம் காட்டிப் புற்றுநோய் அறுவையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் மூட்டு மாற்று, குடலிறக்கம், கர்ப்பப்பை நீக்கம் போன்றவற்றில் காத்திருப்பு தானாகவே அமைகிறது. அதை வீணடிப்பது குற்றம்.

புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அறுவைக்குக் காத்திருப்போரையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கலாம். நாள் குறிக்கும் அன்றே ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு பார்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். தினசரி நடை, மூச்சுப் பயிற்சி, முட்டை, பயறு, குறைந்தது 4 வாரம் புகைக்குத் தடை என எழுதிய சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். இதைச் சுகாதாரத் துறை அரசாணையாகப் பிறப்பிக்கட்டும். அந்த ஆணை தனியார் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தட்டும்.