பாட்டியின் பழஞ்சேலையும் 149 வெள்ளிப் பையும்



கேமரன் மலைக்கு உறவுக்காரர்கள் வந்தால் பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு அழைத்துப் போகிறீர்கள் அல்லவா? அடுத்த முறை ஸ்ட்ராபெரிக் கடைகளைத் தாண்டியும் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள். பழைய சேலைத் துணியில் தைத்த தோள்பை ஒன்றை அங்கே பார்த்தேன். விலை 149 வெள்ளி. அதில் நூலால் கட்டிய ஓர் அட்டை. அட்டையில் கூடை சுமக்கும் ஒரு தமிழ்ப் பாட்டியின் படம். இந்தப் பையை வாங்கினால் தேயிலைத் தோட்டப் பெண்களின் வாழ்வு உயரும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

எந்தத் தோட்டம், எந்தப் பெண்கள், எவ்வளவு உயரும் என்று கேட்டேன். கடைப் பையனுக்குத் தெரியவில்லை. அவன் மேல் தப்பில்லை, அவனும் நாள் கூலிக்கு நிற்பவன்.

பதில் வேறு வழியில் வந்தது. சில வாரம் கழித்து ஓர் அக்கா இதே மாதிரிப் பை ஒன்றோடு என் அலுவலகத்துக்கு வந்தார். "லாயர் தம்பி, இதை நான்தான் தைக்கிறேன். ஒரு பைக்கு 7 வெள்ளி. ரெண்டு மாசக் காசு பாக்கி" என்றார். ஒரு பை தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரமாம். அப்படியானால் மணிக்கு மூன்றரை வெள்ளி. இதுதான் "உயரும் வாழ்வு"!

கழித்துப்போட்ட துணியை வெட்டித் தைத்து, முன்பைவிட மதிப்புள்ள பொருளாக்கி விற்பதற்கு 'அப்சைக்கிளிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் இன்று இது பெரிய நாகரிகம். அதை நான் கேலி செய்யவில்லை. உலகம் துணிக் குப்பையில் மூழ்குவது உண்மைதான். ஆனால் நமக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டுமா? நம் வீட்டில் ஒரு சேலை எத்தனை பிறவி எடுத்தது! நல்ல நாளுக்குக் கட்டி, பிறகு வேலைக்குக் கட்டி, பிறகு பிள்ளைக்குத் தொட்டிலாகி, கூடை சுமக்கத் தலையில் சும்மாடாகி, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகித்தான் அது கண்ணை மூடியது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் துணியே கிடைக்காமல் தோட்டத்து மக்கள் சாக்கை உடுத்தினார்கள். அதை யாரும் அட்டை கட்டி விற்கவில்லை. அது வறுமை. அதே பழந்துணி இன்று கடைக் கண்ணாடிக்குள் போனால் கருணை!

இன்னொன்றும் கவனியுங்கள். அட்டையில் இருப்பது பாட்டியின் படம். இன்று இந்த மலையில் கத்தரிக்கோலாலும் இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்கள் முகத்தை அட்டையில் போட மாட்டார்கள், விலை போகாது. நாம் மலிவாக வாங்கி நாலு முறை உடுத்தித் தூக்கிப்போடும் சட்டை அவர்களில் ஒருவரின் ஊரில் தைத்ததாகவும் இருக்கலாம். 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல் தொழிலாளிகள். தைப்பவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காத வியாபாரம் புதுத்துணியில் செய்ததைப் பழந்துணியிலும் செய்யும்.

நேர்மையாக நடத்த முடியாதா என்றால், முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமி உங்களுக்கு நினைவிருக்கும். நாகப்பட்டினம் பக்கம் நன்கொடையாக வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தன. உடுப்பு இழந்தவனுக்கும் மானம் உண்டு, எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்வான் என்று நினைத்தது யார் தப்பு? 1999-இல் அன்ஷு குப்தா டில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தத் துணிகளைத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் வழக்கம் வேறு: கிராமத்தார் தங்களுக்கு வேண்டிய கிணறு, பாதை வேலையைத் தாங்களே செய்வார்கள், துணி அந்த வேலைக்கான வெகுமதியாகப் போகும்.

அதே சுனாமிக்குப் பிறகு, 2005-இல், ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் 'உபாசனா' ஆடை நிறுவனம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் 'சுனாமிகா'. அந்தப் பொம்மைக்கு விலைச்சீட்டே கிடையாது. அது அன்பளிப்பாகப் போகும், கிடைக்கும் நன்கொடையிலிருந்து செய்த பெண்ணுக்குக் கூலி போகும். எனக்கு அதிலும் ஒரு குறை உண்டு. கொடுப்பவர் மனம் மாறினால் கூலியும் நின்றுவிடும். ஆனாலும் அங்கே முதலில் நினைக்கப்பட்டவள் செய்தவள். இங்கே கடைசியாக நினைக்கப்படுபவள் அவள்.

நம்மிடம் இதைவிட உறுதியான முன்மாதிரி இருக்கிறது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே பாட்டாளிகள் வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய சனங்களின் பேத்திகளால் நாலு தையல் இயந்திரம் வாங்க முடியாதா? பத்துப் பெண்கள் சேர்ந்தால் பையின் பெயரும் அட்டையும் விலையும் அவர்கள் கையில் இருக்கும். விற்றுத்தர ஆள் வேண்டுமானால் அவருக்குத் தரகு கொடுங்கள், முதலாளி நாற்காலியைக் கொடுக்காதீர்கள்.

அதுவரை கூலிக்குத் தைப்பவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "நீ என் தொழிலாளி இல்லை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் தைக்கிறாய்" என்பார்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 1955 வேலைச் சட்டத் திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையை எப்படிச் செய்வது என்று அவர் கட்டுப்படுத்தினால், அல்லது துணியும் கருவியும் அவர் தந்தால், நீங்கள் அவருடைய தொழிலாளி என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். தொழிலாளி என்று ஆனபின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக் கணக்கில் 8 வெள்ளி 17 காசு. துண்டுக் கணக்கில் கூலி என்பதும் சாக்கு ஆகாது. அந்த உத்தரவு துண்டுக் கூலிக்காரர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

அந்த அக்காவிடம் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமும் இல்லை. ஆனால் எத்தனை பை, என்றைக்குள், எந்த நிறத்தில் என்று அவருக்கு வந்த வாட்ஸ்அப் குரல் செய்திகள் எல்லாம் கைப்பேசியில் அப்படியே இருந்தன. அவற்றை எழுத்தில் இறக்கி, தேதியிட்டு, தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் தயார் செய்திருக்கிறோம்.

நீங்களும் இன்றே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாங்கிய துணி, தைத்த எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கைக்கு வந்த காசு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். கைப்பேசியில் உள்ள செய்தி எதையும் அழிக்காதீர்கள்.