உடைமையும் பயிற்சியும்

துப்பாக்கி என்ற ஒரே சொல் திருவிழாக் கடைப் பொம்மையையும், விளையாட்டு வீரரின் கருவியையும், உயிர் பறிக்கும் ஆயுதத்தையும் சுட்டுகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் வாதமும் குழம்பிவிடுகிறது.

தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடுதளம் ஒன்று உள்ளது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது அங்குத் துப்பாக்கி சுடுதல் நடந்தது. இத்தகைய இடங்களில் புதியவர் கேட்பது, முதலில் எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்பதே. தொடங்குவதற்குக் காற்றுக் கைத்துப்பாக்கியே போதும்: 4.5 மி.மீ. குண்டு, 10 மீட்டர் தூரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் இப்பிரிவில்தான். பிடி கைக்குப் பொருந்துகிறதா என்பதே பார்க்க வேண்டியது; வலிமை அன்று.

கனடா 2022 அக்டோபரில் தனியாரிடையே கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கியது. ஒலிம்பிக் பிரிவுகளில் பயில்வோருக்கு விலக்கு அளித்தது. சட்டத்தை மதித்துப் பொழுதுபோக்காகச் சுட்டுவந்தோரின் மனக்கசப்பு இயல்பானதே. இந்தியாவின் 2019 சட்டத் திருத்தமோ, பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரு சட்டங்களும் உடைமையைச் சுருக்குகின்றன, பயிற்சிக்கு வழிவிடுகின்றன.

பொதுச் சுடுதளங்களும் பயிற்றுநர்களும் பெருகினால், சொந்தத் துப்பாக்கி இல்லாமலேயே ஒருவர் இக்கலையைக் கற்கலாம். அரசின் கடமை அதுவே.