சிப்பாய்க்குச் சேர வேண்டியது

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் மையத்தில் பயிற்சி பெற்று, எல்லையில் பாலமும் சாலையும் அமைத்து, ஓய்வுக்குப் பின் இந்நகரிலேயே குடியேறிவிட்ட தமிழர்கள் பலர். படையில் சேர்ந்தபோது மருத்துவர்கள் சோதித்து, குறை இல்லை என்று எழுதித்தான் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது சிலருக்கு இருதய நோய். சிலருக்கு நீரிழிவு, அதனால் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றில் கேடு. ஊன ஓய்வூதியம் கேட்டால், 'வாழ்க்கை முறையால் வந்த நோய். பணியால் வந்ததன்று' என்று மருத்துவக் குழு ஒரே வரியில் முடித்துவிடுவது உண்டு.

அந்த ஒரு வரி குடும்பத்தின் அடுப்பைத் தொடும் வரி. நோய் பணியால் வந்தது அல்லது முற்றியது என்று ஏற்கப்பட்டு, ஊனம் 20 சதவீதமாவது இருந்தால்தான் அந்த ஓய்வூதியம் கிடைக்கும். ஊனம் 50 சதவீதத்துக்குக் குறைந்தால் 50 ஆகவே கொள்ளும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கும் உண்டு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முதல் வரி எதிராக இருந்தால் இவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-லேயே சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. 2025 மார்ச்சில் நீரிழிவு பற்றிய வழக்கில், அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் தெரியவந்தது என்பதற்காக மட்டும் உரிமையை மறுக்க முடியாது என்றது டில்லி ஹைகோர்ட். அந்த வழக்கைக் கொண்டுபோனது சிப்பாய் அல்ல. தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து மத்திய அரசே போயிற்று!

சலுகை தவறாகப் பயன்படுகிறது என்று படைத் தலைமை கூறியது. 2023 செப்டம்பரில் புதிய விதிகளும் வந்தன. பொய்க் கோரிக்கையைத் தடுக்க வேண்டியதுதான். களையைப் பிடுங்குகிறோம் என்று பயிரைப் பிடுங்கலாமா?

மறுப்பதானால், இன்ன காரணத்தால் மறுக்கிறோம் என்று மருத்துவக் குழு விளக்கமாக எழுத வேண்டும். நீரிழிவின் விளைவுகளைத் தனித்தனியே சோதித்துச் சேர்த்து மதிப்பிட வேண்டும். நீதிமன்றங்கள் தீர்த்துவைத்த விஷயத்துக்கு அரசு மீண்டும் மீண்டும் அப்பீல் செய்வதை நிறுத்த வேண்டும். முன்னாள் படையினரும் மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்வது அவசியம்.

உடல் நன்றாக இருந்தபோது நாடு அதை வாங்கிக்கொண்டது. உடல் கெட்டபின் கணக்குப் பார்ப்பது நாட்டுக்கு அழகல்ல.