விழிஞத்தில் இரண்டு நாள்

குடிபெயர்ந்து வாழும் நம்மவர் குடும்பங்களின் விடுமுறைக் கணக்கை யாரேனும் எழுதி வைத்தால், அது பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். கோடையில் ஒரு முறை சொந்த ஊர். ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள். இடையே ஒரு காதணி விழா, ஒரு பதினாறாம் நாள் சடங்கு. எஞ்சியிருக்கும் விடுப்பு, பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் ஊரிலிருந்து வைத்தியத்திற்கென்று வந்து தங்கும் உறவினருக்கும் போய்விடும். கணவனும் மனைவியும் தமக்காகவே ஓரிடத்திற்குச் சென்று இரண்டு நாள் தங்கி வந்தனர் என்றால், கேட்பவர் முதலில் வினவுவது, "அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்பதே.

யாரும் இல்லை. யாரும் இல்லாத இடம் வேண்டும் என்றுதான் சென்றோம். இதை நம் சங்கத்து அன்பர்கள் சிலரிடம் சொன்னபோது, அவர்கள் நம்மைச் சற்றுக் கவலையுடன் நோக்கினர்.

நம் தாயார் மூன்றாண்டுகள் எரணாகுளத்தில் நம்மோடு படுக்கையில் இருந்து, சென்ற ஆண்டு காலமானார். அந்த மூன்றாண்டுகளும் அவருக்கு ஊட்டியும் துடைத்தும் இரவில் விழித்தும் இருந்தவர் நம் துணைவியார். நாமோ ரயில்வே எழுத்தர். அலுவலக நேரம் நம்மைக் காப்பாற்றியது என்று சொல்வதே உண்மை. ஆண்டுத் திதி முடிந்த மறுவாரம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். புடவையோ, நகையோ, ஊருக்கு ஒரு பயணமோ கேட்பார் என்று எண்ணினோம். "ரெண்டு நாள் யாராவது சமைச்சுப் போட்டுச் சாப்பிடணும், சத்தமில்லாம இருக்கணும்" என்றார்.

விழிஞத்தைத் தேர்ந்தெடுத்தது நாம். பழைய வரலாற்றில் அவ்வூரின் பெயர் அடிக்கடி வருவதே காரணம். தமிழ்ச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் விழிஞம் என்றே எழுதும். இன்று விழிஞ்ஞம் என்கின்றனர். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோவளம் அதற்கு மிக அண்மையில் இருக்கிறது. வெளிநாட்டார் கூட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

ரயில்வே பாஸ் கையில் இருக்கப் பெட்ரோலுக்குச் செலவழிப்பானேன் என்று அலுவலகத்தில் நம்மைக் கேலி செய்தனர். ரயிலில் சென்றால் பாதி வழி வரை நமக்குத் தெரிந்த பரிசோதகர்கள் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். துணைவியாருக்கோ விரும்பிய இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் தம் பழைய மாருதிக் காரைத் தந்து உதவினார். சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். ஆலப்புழை, கொல்லம், ஆற்றிங்கல், கழக்கூட்டம் என்று இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணியால் பல இடங்களில் மெதுவாகவே செல்ல வேண்டியிருந்தது. கழக்கூட்டத்திலிருந்து நகருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே திருவல்லம் கடந்து முக்கோலை வரை சென்று, அங்கே கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும். நகருக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் வீண்.

ஊருக்குத் தெற்கே கடல்மேல் செம்மண் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின்மேல் தென்னந்தோப்புகளுக்கிடையே சிறு தங்கும் விடுதிகள் உள்ளன. நமக்குக் கிடைத்த அறை எளியது. திண்ணையில் அமர்ந்தால் கடல். முதல் நாள் மதியம் சோறும் மீன் குழம்பும் சிப்பி வறுவலும் வந்தன. மலபாரில் கல்லுமக்காய் என்று வழங்குவதன் பழுப்பு நிற இனத்தை இப்பக்கத்தார் சிப்பி என்பர். கொல்லம் முதல் குமரி வரையுள்ள பாறைகளில் அது மிகுதி. மூழ்கிப் பெயர்த்தெடுப்பதற்கென்றே இங்குக் குடும்பங்கள் இருந்து வந்தன. துணைவியார் இலையில் இரண்டாம் முறை சோறு வாங்கினார். பரிமாறிய அம்மையார் போன பின்பு, "இந்த உப்பு யாரு போட்டதுன்னு நான் யோசிக்க வேண்டாம்" என்றார். பிறகு மாலை நான்கு மணி வரை உறங்கினார். பகலில் அவர் உறங்கி நாம் கண்டது நெடுங்காலத்திற்குப் பின் அன்றுதான்.

அவர் உறங்கிய நேரத்தில் நாம் மட்டும் குடைவரைக் கோயிலைப் பார்த்து வந்தோம். 8-ஆம் நூற்றாண்டினது என்பர். பெரிதாக எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். ஒரே பாறை, ஒரு சிறு அறை, உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வாயிலின் இருபுறமும் திரிபுராந்தகரும் ஆடும் சிவனும் பாதி செதுக்கிய நிலையிலேயே நின்றுவிட்டனர். சிற்பி ஏன் உளியை வைத்துவிட்டுப் போனான் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதும் அங்கில்லை. ஆனால் அந்நூற்றாண்டில் இவ்வூர் பட்ட பாட்டை நினைத்தால் வியப்பும் இல்லை. ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய ஊர் இது. பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. பின்னர்ச் சோழர் வந்தனர். இராசராசன் காலத்துப் படையெடுப்பைக் குறிக்கும் திருவாலங்காட்டுச் செப்பேடு, கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று இதனை வருணிக்கிறது. இராசேந்திர சோழப் பட்டினம் என்ற பெயரையும் சில காலம் சுமந்தது. பாண்டியரும் சேரரும் சோழரும் மாறி மாறி அடித்துக்கொண்டது அழகுக்காகவா? கரையோரத்திலேயே கடல் ஆழமாக இருப்பதால் கப்பல் நெருங்கி வரலாம் என்பதற்காகவே.

அதே ஆழந்தான் இன்றும் இவ்வூரின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. இயற்கையாகவே 18 மீட்டருக்குக் குறையாத ஆழம். பன்னாட்டுக் கப்பல் வழியோ பத்துக் கடல் மைல் தொலைவில். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மாற்றி ஏற்றிய சரக்குப் பெட்டிகளை இங்கேயே மாற்றலாம் என்று 2015 டிசம்பரில் புதிய துறைமுகத்தின் வேலை தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் நாள் பிரதமர் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பாலராமபுரத்திலிருந்து அங்கே ஒரு ரயில் பாதையும் திட்டமிட்டுள்ளனர். நீளம் ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர்; அதில் பெரும்பகுதி நிலத்தடிச் சுரங்கம். ரயில்வேக்காரர் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே அமைதி நாடிச் செல்வோர்க்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். இரவானால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளில் விளக்குகள் எரிகின்றன. குன்றின்மேலிருந்து அவை நன்றாகத் தெரியும். நாம் சற்று மனம் சுளித்தோம். துணைவியாரோ, "அந்த வெளிச்சம் நம்மளை ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டார். அவர் சத்தம் என்று சொன்னது வேறு சத்தத்தை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது.

மறுநாள் காலை மீன்பிடித் துறைக்குச் சென்றோம். ஒருபுறம் பள்ளிவாசல், மறுபுறம் சிந்து யாத்திரை மாதா கோயில், நடுவில் ஏலக் கூச்சல். கணவாயும் சாளையும் வாளையும் சிறு குவியல்களாகக் கிடந்தன. மழைக்காலத்தில் இன்னும் நெரிசலாம். மற்றக் கரைகளில் அலை மூர்க்கமாகிப் படகு தள்ள இயலாதபோது, பக்கத்து ஊர்ப் படகுகளெல்லாம் இந்த வளைகுடாவுக்குள் ஒதுங்கித் தொழில் செய்கின்றன.

வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், நாம் தமிழர் எனக் கண்டு பேச்சுக் கொடுத்தார். அவருடைய பேச்சு மலையாளமா தமிழா என்று பிரிக்க முடியாத கரைப் பேச்சு. நம்மைச் சாரே என்றும் துணைவியாரை மோளே என்றும் விளித்தார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவன் கடலுக்குப் போகிறான். இளையவன் புதிய துறைமுகத்தில் வண்டி ஓட்டுகிறான். 2022-ஆம் ஆண்டில், கட்டுமானத்தால் கரை அரிக்கிறது, வீடும் தொழிலும் போகின்றன என்று மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அரிப்புக்குத் துறைமுகம் காரணமன்று என்பது எதிர்த்தரப்பின் வாதம். நவம்பர் இறுதியில் காவல் நிலையமே தாக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றி, டிசம்பரில் போராட்டம் நின்றது. "ரெண்டு பேரும் ஒரே சட்டியிலேதான் சாப்பிடுறாங்க. அதைப் பத்தி மட்டும் பேச மாட்டாங்க" என்றார் முதியவர். தாமும் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒகிப் புயலைப் பற்றி மட்டும் சிறிது சொன்னார். 2017 நவம்பர் 30-இல் எச்சரிக்கை வந்து சேருமுன் கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதற்கு மறு ஆண்டு வெள்ளத்தில், நாம் இருக்கும் எரணாகுளம் மாவட்டமும் ஆலப்புழையும் மூழ்கியபோது, தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து மக்களை மீட்டவர்கள் இந்தக் கடற்கரையினரே.

அவரிடமிருந்து விடைபெற்றுப் படிகளில் அமர்ந்திருந்தபோது துணைவியார் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டு நாம் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். நாகர்கோவிலும் நம் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்ததே, கிடைக்க வழியுண்டு. தமிழ்நாட்டு மண், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, உறவுகளுக்கு அருகாமை. இவற்றையெல்லாம் அவருக்காகவே விரும்புவதாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

"என்னங்க, பிள்ளைங்க ரெண்டும் மலையாளத்துல சண்டை போடுதுங்க, தமிழ்ல கெஞ்சுதுங்க. ரெண்டும் அதுகளுக்கு வேணும். பெரியவ பத்தாவது முடிக்கட்டும். அத்தை இருந்தப்போ பக்கத்து வீட்டு மலையாளத்து அக்காதான் ராத்திரி ரெண்டு மணிக்கும் கதவைத் திறந்தாங்க. ஊர்ல இருந்து வந்தவங்க பழம் வாங்கிட்டு வந்து பார்த்துட்டுப் போனாங்க" என்றார்.

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பதினோரு ஆண்டு இல்வாழ்க்கையில் அரிசி, கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கு அப்பால் ஒரு பொருளைப் பற்றி அரை மணி நேரம் இருவரும் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறோம். விண்ணப்பம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் தேதி இடவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் அடங்கியிருக்கும். மழைக்காலத்தில் பாறைகளின்மேல் நின்று அலை பார்ப்பது உயிருக்கு ஆபத்து. கோவளத்துக் கலங்கரை விளக்கம் 1972-இல் கட்டியது. மாலையில் மேலேறிப் பார்த்தால் இரு கரைகளும் புதிய துறைமுகமும் ஒருசேரத் தெரியும். ஆழிமலைச் சிவன் கோயில் பெருஞ்சிலைக்கு ஞாயிறன்று கூட்டம் மிகுதி, விடியலில் செல்லலாம். நேரமிருப்போர் தெற்கே பூவாறு வரை சென்று நெய்யாறு கடலில் கலப்பதைக் காணலாம். நாம் செல்லவில்லை. துணைவியார் இன்னொரு முறை உறங்க விரும்பினார்.

பிள்ளைகளை எங்கே விட்டீர்கள் என்று பலர் கேட்டனர். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு நாளும் பார்த்துக்கொண்டது. அவர்கள் அடுத்த மாதம் புறப்படுகின்றனர். அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் நம் வீட்டில் இருப்பார்கள். வழியையும் விடுதி இருக்கும் திசையையும் எழுதித் தரும்படி அந்த அம்மையார் கேட்டிருந்தார். அந்தச் சீட்டே வளர்ந்து இம்மாதப் பகுதியாயிற்று.