'டான்' உயர்ந்தது, 'புட் ஆன்' தாழ்ந்ததா?

சென்ற வாரம் இளைய ஆய்வாளர் ஒருவர் தம் ஆங்கில ஆய்வேட்டின் ஓர் இயலைக் காட்டினார். திருமணச் சடங்குகளில் உடை குறித்த இயல் அது. 'புட் ஆன்' என்று அவர் எழுதிய இடங்களையெல்லாம் நெறியாளர் அடித்துவிட்டு 'டான்' என்று திருத்தியிருந்தார். ஃபிரேசல் வெர்ப் பேச்சுவழக்குக்கு உரியது, ஆய்வுரைக்கு ஆகாது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. தமக்கு ஆங்கிலமே வராதோ எனக் கலங்கிப்போயிருந்தார் அவர்.

இத்திருத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 'டான்' என்பதன் பிறப்பே ஃபிரேசல் வெர்ப்தான். 'டூ ஆன்' என்னும் இரு சொற்கள் இடைக்கால ஆங்கிலத்தில் ஒட்டி ஒன்றாயின. 'டூ' என்னும் வினைக்கு அந்நாளில் 'இடு, வை' என்ற பொருளும் இருந்தது. ஆகவே 'டூ ஆன்' என்றால் 'மேலே இடு'. 'புட் ஆன்' உணர்த்துவதும் அதுவே. 'டாஃப்' என்பது 'டூ ஆஃப்' என்பதன் சுருக்கம். 'ஹாம்லெட்' நாடகத்தில் கதவைத் திறத்தலைக் குறிக்கும் 'டப்' என்பதும் 'டூ அப்' என்பதன் சுருக்கமே.

இவை என்றும் மேட்டிமைச் சொற்களாக இருந்தவையும் அல்ல. 1755இல் வெளியான தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன், 'டாஃப்' வழக்கிழந்தது, நாட்டுப்புறத்தார் நாவில் மட்டும் எஞ்சியிருப்பது என ஒதுக்கினார். அதே சொல் நூற்பாலைகளில் நிரம்பிய பாபின்களைக் கழற்றும் வேலைக்குப் பெயராயிற்று. கோவிட் காலத்தில் மருத்துவமனைகளில் பாதுகாப்பு உடை களையும் அறையின் வாசலிலும் அதையே கண்டோம்.

எழுத்துநடைக்கும் பேச்சுநடைக்கும் வேறுபாடு இல்லை என்று நான் வாதிடவில்லை. 'சட்டை போட்டுக்கொண்டான்' என்பதை நாமும் எழுத்தில் 'அணிந்தான்' என்கிறோம். ஆனால் அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்தின் மீது அப்படியே ஏற்றினால் பொருள் சிதையும். ஆங்கிலத்தில் 'வேர்' என்பது பெரும்பாலும் அணிந்திருக்கும் நிலையைச் சுட்டும். அணியும் செயலைச் சுட்டும் இயல்பான சொல் 'புட் ஆன்'. 'டான்' என்பதிலோ பழமையின், சடங்கின் சாயல் படிந்துள்ளது. மணமகள் காலையில் செருப்பணிவதற்கும் அதையே எழுதினால் வாசகர் நகைப்பர்.

ஒரு சொல்லின் மதிப்பு அதன் உருவில் இல்லை. அதை வழங்குவோர் ஏற்றிவைத்த பழக்கத்தில் இருக்கிறது. நடைமரபை மரபென்றே கற்பிப்போம். அதை இலக்கண விதியெனக் காட்டி மாணவரை அச்சுறுத்த வேண்டாம். அந்த ஆய்வாளரிடம் நான் சொன்னது இவ்வளவே: அடித்த சொற்களை மீண்டும் எழுதுங்கள், நெறியாளர் கேட்டால், 'டான்' பிறந்த கதையைப் பணிவோடு எடுத்துரையுங்கள்.